வன்னியில இன்கியுபேற்றர் நடத்த வாறவைக்கு, தொடக்கத்தில இருந்து

இன்கியுபேற்றர் எண்டால் சின்னத் தொழில் தொடங்கிற ஆக்களுக்கு இடமும் குடுத்து, அவை தனிய நிக்கும் வரைக்கும் கூட நிண்டு உதவிற இடம். இந்த வேலைக்குப் புதுசா வாற ஆக்கள் அடிக்கடி எனக்குக் கோல் எடுக்கினம், சிலர் யூனிவர்சிற்றியில இருந்து, சிலர் ஏதாவது நிறுவனத்தின்ர புறொஜெக்ற்றில இருந்து, சிலர் கூட்டுறவுச் சங்கத்தில இருந்து. எல்லாரும் கேக்கிறது ஒரே கேள்விதான். "அண்ணை, இன்கியுபேற்றருக்குப் பொறுப்பா என்னைப் போட்டிருக்கினம், கட்டிடத் திறப்பும் தந்திட்டினம், இனி என்ன செய்யிறது?" ஒவ்வொருத்தருக்கும் போனில சொல்லுறதை விட ஒருக்கா எழுதி வைச்சால் நல்லம் எண்டு நினைச்சன். நான் கிளிநொச்சியில இருந்து எழுதுறன். கொழும்பு ஆக்களுக்கு இதில சிலது பொருந்தாது, முல்லைத்தீவு, மன்னார், வவுனியாவில இருக்கிற ஆக்களுக்குப் பொருந்தும்.

முதல்ல இது என்ன வேலை எண்டதில தெளிவா இருங்கோ, ஏனெண்டால் ஊருக்குள்ள போன உடன உங்களிட்ட அதைத்தான் கேப்பினம். நான் "அடை வைக்கிறது" எண்டுதான் சொல்லுறனான், உடன விளங்கும். இந்தப் பேரே கோழியால வந்த பேர்தான். அமெரிக்காவில நியூயோர்க் மாநிலத்தில பற்றேவியா எண்டு ஒரு சின்ன ரவுண், அங்க கமத்து மெசின் செய்த பெரிய பக்ரறி ஒண்டு 1950களில பூட்டுப்பட்டு கனபேருக்கு வேலை இல்லாமல் போச்சு. ஜோசப் மன்குசோ எண்டவரின்ர குடும்பம் அந்தக் கட்டிடத்தை வாங்கிச்சுது, அவர் 1959இல அதைத் துண்டு துண்டாப் பிரிச்சு சின்னத் தொழில்காரருக்கு வாடகைக்குக் குடுத்து, அவையின்ர தொழில் அலுவலுகளுக்கும் கூட நிண்டவர். வாடகைக்கு வந்ததில கோழிக்குஞ்சுக் கொம்பனி ஒண்டும் இருந்தது, அதை வைச்சுத்தான் அந்தக் கட்டிடத்துக்கு இன்கியுபேற்றர் எண்ட பேர் ஒட்டிச்சுது. பரந்தன் கெமிக்கல் பக்ரறியும் ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலையும் யுத்தத்தோட நிண்டதைப் பாத்த எங்களுக்கு, பக்ரறி பூட்டுப்பட்ட ஊர் எப்பிடி இருக்கும் எண்டு ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ரெயினிங் வேற, இது வேற. ரெயினிங் மூண்டு நாளில முடிஞ்சிடும், சேட்டிபிக்கற் குடுத்து குறூப் போட்டோ எடுத்தால் சரி. 2009க்குப் பிறகு எங்கட சனம் எடுக்காத ரெயினிங் இல்லை, தையல், கேக் ஐசிங், கோழி வளர்ப்பு, சீமெந்துக்கல் எண்டு சேட்டிபிக்கற்றுகளை ஒரு பைல் நிறைய வைச்சிருக்கிற அக்காமாரை நான் கண்டிருக்கிறன், பைலைத் திறந்து காட்டிப்போட்டு "இப்ப ஒண்டும் செய்யேல்லை தம்பி" எண்டு சொல்லேக்க எனக்கு நெஞ்சு பிசையும். அடை வைக்கிறது எண்டால் ஒரு தொழிலோட ஆகக்குறைஞ்சது ஒரு காலபோகமும் ஒரு சிறுபோகமும், அதாவது ஒரு வருசம், கூட நிக்கிறது. அதுக்கு மனம் இல்லாட்டி பேசாமல் ரெயினிங் சென்ரர் எண்டு போட் போடலாம்.

கட்டிடத்தைத் திறக்க முந்தி ஒரு மாதம் திரியுங்கோ

மேசை கதிரை வாங்கிறது, பெயின்ற் அடிக்கிறது எல்லாம் பேந்து பாக்கலாம். முதல் மாதம் மோட்டச்சைக்கிளை எடுத்துக்கொண்டு திரியிறதுதான் வேலை. என்ன விளையுது, என்ன பிடிபடுது, அது எந்த லொறியில எங்க போகுது, என்னவா மாறித் திரும்பி வருது எண்டு பாருங்கோ. எங்கட நெல்லு நெல்லாவே லொறியில ஏறிப் போய், அரிசிப் பக்கற்றா எங்கட கடைக்கே திரும்பி வருது. பூநகரி மொட்டைக்கறுப்பன் நெல்லுக்கு ஒரு பேர் இருக்கு, அந்தப் பேருக்கு உரிய விலை கமக்காரருக்கு வருதோ எண்டு அவரிட்டயே கேளுங்கோ. விசுவமடு, புதுக்குடியிருப்புப் பக்கம் கச்சான், முல்லைத்தீவுக் கரையில கருவாடு, மன்னாரில நண்டு, எல்லா இடமும் பனை. இதுகளை வெறும் லிஸ்ற்றா எழுதாமல், ஒவ்வொண்டுக்கும் பக்கத்தில இதை வாங்கிற ஆள் ஆர் எண்டு எழுதுங்கோ, அந்தக் கொப்பிதான் பிறகு உங்களுக்குச் சோறு போடும்.

அதே மாதத்துக்குள்ள ஒபிஸ் ஆக்களையும் நேரில சந்திச்சிடுங்கோ. பிரதேச செயலகத்தில வியாபாரப் பெயர் பதிவு பாக்கிற உத்தியோகத்தர், சின்னத் தொழிலுக்குத் தொழில்நுட்ப உதவி செய்யிற விதாதா வள நிலையம், கைத்தொழில் அபிவிருத்திச் சபை, நெடா எண்டு சொல்லுற தேசிய தொழில்முயற்சி அபிவிருத்தி அதிகாரசபையின்ர ஆள், பி.எச்.ஐ. எண்டு சொல்லுற பொதுச் சுகாதாரப் பரிசோதகர். அதோட பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம், பனை தென்னை வள சங்கம், கடற்றொழில் சங்கம், மாதர் சங்கம். கடிதம் அனுப்பிறது காணாது, போய் ஒரு ரீ குடிச்சுக் கதைக்க வேணும். பி.எச்.ஐயை முதல் நாளே தெரிஞ்சு வைச்சால் அவர் வழி சொல்லுவார், சாமான் கடைக்குப் போன பிறகு சந்திச்சால் பிழை சொல்லுவார், ரெண்டும் அவற்ற வேலைதான்.

ஆக்களைத் தெரியிறது

இதில கனபேர் பிழை விடுறவை, நானும் விட்டனான். முதல் முறை விண்ணப்பப் படிவம் அடிச்சு, பேஸ்புக்கில போட்டு, வந்த படிவங்களில எழுத்து வடிவா இருந்த ஆக்களை எடுத்தனான். படிவம் வடிவா நிரப்பத் தெரிஞ்ச ஆக்கள்தான் வந்தினம், விக்கத் தெரிஞ்ச ஆக்கள் வரேல்லை. இப்ப ஒரு தொகுதிக்கு ஆறு பேர், கூடினால் எட்டுப் பேர்தான் எடுக்கிறன், எடுக்க முந்தி ஒவ்வொருத்தரின்ர வீட்டுக்கும் ரெண்டு தரம் போறனான். ஒருக்கா சொல்லிப்போட்டு, ஒருக்கா சொல்லாமல். கேக்கிறது ரெண்டே ரெண்டு கேள்வி, போன கிழமை இதை ஆர் வாங்கினது, அந்த ஆள் திரும்ப வந்தவரோ. பிளான் எல்லாம் பிறகு எழுதலாம், திரும்ப வாற ஒரு வாடிக்கையாளர் இருந்தால் அதில இருந்து தொடங்கலாம்.

பயணப்படி தாறம், சாப்பாட்டுப் பார்சல் தாறம் எண்டு ஆக்களைக் கூப்பிடாதேங்கோ. கூட்டம் நிறையும், ஆனால் கையெழுத்து வைச்சிட்டு எழும்பிப் போற கூட்டமாத்தான் இருக்கும், அது அவையின்ர பிழை இல்லை, பதினைஞ்சு வருசமா புறொஜெக்ற்றுகள் பழக்கிவிட்ட பழக்கம்.

எடுத்த ஆக்களோட ஒரு பக்கத்தில தமிழில ஒப்பந்தம் எழுதுங்கோ. நீங்கள் என்ன குடுப்பியள், அவை என்ன செய்ய வேணும், எத்தினை மாதம், எண்டைக்கு வெளிக்கிட வேணும். வெளிக்கிடுற திகதி கட்டாயம், இல்லாட்டி அஞ்சு வருசத்துக்கும் அதே ஆறு பேர்தான் உள்ளுக்க இருப்பினம். சின்னக் காசெண்டாலும் மாத வாடகை வாங்குங்கோ. கொழும்பு, இந்தியா இன்கியுபேற்றர் ஆக்கள் பங்கு எடுக்கிறதைப் பற்றிக் கதைப்பினம், அதைக் கேட்டிட்டு இங்க வந்து அப்பிடியே செய்ய வெளிக்கிடாதேங்கோ. பிரதேச செயலகத்தில வியாபாரப் பெயர் மட்டும் பதிஞ்ச தனியாள் தொழிலில பங்கு எண்டு ஒண்டு இல்லை, 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கொம்பனிச் சட்டத்தின்ர கீழ பதிஞ்ச கொம்பனிதான் பங்கு குடுக்கலாம். எங்கட ஆக்களில முக்கால்வாசிப் பேர் முதல் வகை, அவையிட்ட நியாயமான சேவைக் கட்டணத்தோட நிக்கிறது நல்லம்.

கிழமைக்குக் கிழமை என்ன செய்யிறது

ஒரு ஆளோட கிழமைக்கு ஒரு மணித்தியாலம். வகுப்பு இல்லை, பக்கத்தில இருந்து கணக்குக் கொப்பியைப் பாக்கிறது. கச்சான் வறுத்து விக்கிற ஒரு தங்கச்சியின்ர கொப்பியில கச்சான், எண்ணெய், உப்பு, பொலித்தீன் எண்டு நாலு வரிதான் இருந்தது, அதைக் கூட்டி அதுக்கு மேல லாபம் வைச்சு வித்துக்கொண்டிருந்தவ. விறகு இல்லை, கிளிநொச்சிக்குப் போய்வந்த பஸ் காசு இல்லை, உடைஞ்சு கருகினதுகள் இல்லை, விடிய நாலு மணிக்கு எழும்பி அடுப்படியில நிண்ட தன்ர நேரம் இல்லவே இல்லை. "என்ர வேலைக்கு ஆர் அண்ணா காசு தாறது" எண்டு கேட்டவ. உங்களுக்குப் பதிலா ஒரு ஆளைப் பிடிச்சு வேலை செய்விச்சால் நாட்சம்பளம் குடுப்பியளோ இல்லையோ எண்டு கேக்க, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திட்டு அஞ்சாவது வரியா தன்ர பேரை எழுதினவ. அண்டைக்கு அவ எழுதினதைப் பாக்கேக்க, இந்த வேலைக்கு வந்தது சரிதான் எண்டு இருந்தது.

பதிவுகளின்ர ஒழுங்கு இதுதான். முதல்ல பிரதேச செயலகத்தில வியாபாரப் பெயர், பிறகு அந்தப் பேரில வங்கிக் கணக்கு, சாப்பாட்டுச் சாமான் எண்டால் செய்யிற இடத்தை பி.எச்.ஐக்குக் காட்டுறது, அதுக்குப் பிறகு லேபிள். சாப்பாட்டுச் சாமான்களுக்கு 1980ஆம் ஆண்டு 26ஆம் இலக்க உணவுச் சட்டமும் அதின்ர கீழ வந்த லேபிள் விதிகளும் இருக்கு, அதால பேர், நிறை, சேர்மானம், செய்த திகதி, முடிவுத் திகதி, தொகுதி இலக்கம், விலாசம் எல்லாம் ஒழுங்கா இருக்க வேணும், பிறின்ற் அடிக்க முந்தி பி.எச்.ஐயிட்ட ஒருக்கா காட்டுங்கோ. லேபிளில போடுற பேரை கொஞ்சம் விற்பனை கண்ட உடன வர்த்தகக் குறியாவும் பதியப் பாருங்கோ, அது கொழும்பில தேசிய புலமைச்சொத்து அலுவலகத்தில, காலம் எடுக்கும்.

கடனைப் பற்றி ஒண்டு. வந்த உடன லோன் எடுத்துக் குடுக்கிறது உதவி எண்டு நினைக்காதேங்கோ. லீசிங்கும் நுண்கடனும் எங்கட வீடுகளுக்க செய்த வேலை உங்களுக்குத் தெரியும், 2018இல வரட்சி கண்ட மாவட்டங்களில பெண்கள் எடுத்த நுண்கடனில ஒரு லட்சம் வரைக்கும் அரசாங்கமே பொறுப்பெடுத்துத் தள்ள வேண்டி வந்தது. ஒரு வீட்டுக்குப் போகேக்க ஏற்கெனவே என்ன கடன் இருக்கு எண்டு மெதுவாக் கேட்டறியுங்கோ, எல்லாருக்கும் முன்னால கேக்காதேங்கோ.

கலண்டரையும் ஊரோட ஒத்துப் போடுங்கோ. ஐப்பசி விதைப்பு, தை மாசி அருவி வெட்டு, இந்த நேரத்தில மீற்றிங் வைச்சால் வெறுங்கதிரைதான் இருக்கும். வைகாசியில வட்டாப்பளை அம்மன் கோயில் பொங்கல், ஆவணியில மடு மாதா திருவிழா, இது ரெண்டும் லீவு எண்டு மட்டும் பாக்காதேங்கோ, விக்கிறதுக்கு நல்ல சந்தை, உங்கட ஆக்களை அதுக்கு ரெண்டு மாதம் முந்தியே ஆயத்தப்படுத்துங்கோ.

தனிய நிக்காதேங்கோ

இதைத்தான் நான் கூடச் சொல்ல வந்தனான். இன்கியுபேற்றர் நடத்திற ஆளுக்கு ஒரு நாள் உறைப்பு மா, அடுத்த நாள் அப் செய்யிற பெடியள், அதுக்கடுத்த நாள் வலை பின்னுற ஐயா. எல்லாம் தெரிஞ்ச ஆள் ஒருத்தரும் இல்லை. ஆனால் இதே வேலை செய்யிற இன்னும் ஒரு பத்துப் பேரை உங்களுக்குத் தெரிஞ்சால், அவையில ஆரோ ஒருத்தர் அந்தப் பிரச்சினையை ஏற்கெனவே பட்டு முடிச்சிருப்பார்.

தருமபுரம் பக்கத்தில ஒரு அக்கா முருங்கை இலை மா செய்யிறவ. நிழலில காயவைச்சு, அரைச்சு, பக்கற் பண்ணி, நல்ல பச்சை நிறம், வெயில் காலம் முழுக்க நல்லாப் போச்சு. கார்த்திகை மழை தொடங்க, கடையளில இருந்து பக்கற்றுகள் திரும்பி வரத் தொடங்கிச்சுது. அவ ஒண்டைக் கொண்டுவந்து என்ர மேசையில வைச்சு வெட்டிக் காட்டினா, மா கட்டி கட்டியா, கரண்டியால தட்டவும் உடையேல்லை, நிறமும் வைக்கல் மாதிரி. "தம்பி, நான் ஒண்டையும் மாத்தேல்லை, அதே இலை, அதே மெசின்." நான் என்ன செய்தனான் எண்டால், இலை சரியாக் காயேல்லை எண்டு நானே முடிவெடுத்து, டிரையர் வாங்கிறதுக்கு புறப்போசல் எழுதத் தொடங்கிட்டன். ரெண்டு கிழமை அதிலயே போச்சு.

பேந்து யாழ்ப்பாணத்தில இதே வேலை செய்யிற ஒரு தங்கச்சிக்கு வேற அலுவலா எடுத்த கோலில இதையும் சொன்னன். அவ கேட்ட முதல் கேள்வி, "அண்ணை, அரைச்சு எவ்வளவு நேரத்தால சீல் பண்ணுறவ?" எனக்குத் தெரியாது. போய்ப் பாத்தால் கிரைண்டரில இருந்து எடுத்த மாவைக் கைசுடச் சுட அள்ளிப் போட்டு சீல் பண்ணுறா. சூடு ஆறேக்க பக்கற்றுக்குள்ள வேர்க்கும், அந்த ஈரத்தில மா கட்டிபடும். அதோட மெல்லிய வெள்ளைப் பொலித்தீன், மழைக்காலத்து ஈரமும் மெல்ல மெல்ல உள்ள போகும், வெளிச்சம் பட்டு நிறமும் போகும். நல்லா ஆறவைச்சு, உள்ளுக்கு அலுமினியப் படலம் உள்ள உறையில போடத் தொடங்கினதோட பக்கற் திரும்பி வாறது நிண்டுது. டிரையரை வாங்கியிருந்தால் அந்த அக்காவுக்குக் கடனும் வந்திருக்கும், மாவும் கட்டிபட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். ஒரு கோலை ரெண்டு கிழமைக்கு முந்தி எடுத்திருக்கலாம் எண்டதுதான் இண்டைக்கும் என்ர மனசில கிடக்கு.

அப்ப அந்தப் பத்துப் பேரை எங்க தேடுறது? பக்கத்தில இருந்து தொடங்குங்கோ. கிளிநொச்சி அறிவியல் நகரில யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் இருக்கு, அதே பக்கத்தில இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கு, மெசின் உடைஞ்சாலும் சாமான் சோதிக்க வேணும் எண்டாலும் முதல்ல தட்டுற கதவு அதுகள்தான். வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 ஆவணியில தனிப் பல்கலைக்கழகமா வந்திட்டுது, அங்க வியாபாரக் கற்கைப் பீடம் இருக்கு. யாழ்ப்பாணத்தில யாழ் ஐரி ஹப் ஆக்கள் 2012இல இருந்து பெடியளுக்குப் போட்டி நடத்தி ஸ்ராட்டப் பக்கம் இழுத்துக்கொண்டு வாறவை, கொழும்பில ஹட்ச் எண்ட ஸ்ராட்டப் இன்கியுபேற்றர் இருக்கு.

வவுனியாவில இருக்கிறவைக்கு ஒண்டு சொல்ல வேணும், உங்களுக்கு யாழ்ப்பாணத்தை விட அனுராதபுரம் கிட்ட. அங்க அரிசியும் உழுந்தும் வைச்சுத் தொழில் செய்யிற ஆக்களுக்கு வாற பிரச்சினை எங்களுக்கு வாற அதே பிரச்சினைதான், தம்புள்ளச் சந்தையில தலையிடியும் ஒண்டுதான். சிங்களம் தெரியாட்டிப் பரவாயில்லை, உடைஞ்ச இங்கிலீசில ரெண்டு பேரும் கதைக்கலாம், சாமானை மேசையில வைச்சுக் கதைக்கேக்க பாதி தானா விளங்கும்.

தமிழ்நாட்டு ஆக்களை விட்டிடாதேங்கோ. திருச்சியில ட்ரெக்ஸ்ரெப் எண்ட இன்கியுபேற்றர் 1986இல இருந்து நடக்குது, சென்னையில ஐஐரி மெட்ராஸின்ர இன்கியுபேசன் செல் இருக்கு. அவையோட தமிழிலயே கதைக்கலாம் எண்டது எங்களுக்குப் பெரிய வாய்ப்பு, 2025 பங்குனியில யாழ்ப்பாணம் பலாலிக்கும் திருச்சிக்கும் பிளேனும் ஓடத் தொடங்கிச்சுது. உலக மட்டத்தில எண்டால் அமெரிக்காவில 1985இல தொடங்கின என்பிஐஏ எண்ட சங்கம் இருக்கு, இப்ப இன்பியா எண்டு பேர், இன்கியுபேற்றர் நடத்திற ஆக்களுக்கெண்டே படிப்புகள் வைச்சிருக்கினம். ஆனால் அதுக்குக் காசு கட்டுறதுக்கு முந்தி பக்கத்து மாவட்டத்துக்குப் பஸ் எடுங்கோ.

எப்பிடித் தொடங்கிறது எண்டால், "நெற்வேர்க் பண்ணுவம்" எண்டு மொட்டையா மெசேஜ் போடாதேங்கோ, ஒருத்தரும் பதில் போடார். ஒரு கேள்வியோட போங்கோ, சின்னதா, அவர் பத்து நிமிசத்தில சொல்லக்கூடிய கேள்வியா. பதில் கிடைச்சால் அதை வைச்சு என்ன செய்தனீங்கள், சரிவந்ததோ இல்லையோ எண்டு ஒரு மாதத்தால திரும்பச் சொல்லுங்கோ. இதைச் செய்யிற ஆக்கள் சரியான குறைவு, அதால உங்களை மறக்க மாட்டினம். நீங்களும் குடுக்க வேணும், உறை விக்கிற கடை, நம்பிக்கையான லேபிள் டிசைனர், நேர்மையான லொறி ஓனர், இதுகளைப் பூட்டி வைக்காதேங்கோ.

பிறகு ஒரு வட்ஸ்அப் குறூப், பத்துப் பன்ரெண்டு பேருக்கு மேல வேண்டாம், குட்மோர்ணிங் படம் போடக்கூடாது, மாதத்தில ஒருக்கா ஒரு மணித்தியாலம் கோல். எங்கட கோலில ஒரு வழக்கம் இருக்கு, ஒவ்வொருத்தரும் அந்த மாதம் சரிவராத ஒரு விசயத்தைத்தான் முதல்ல சொல்ல வேணும். தொடக்கத்தில எல்லாருக்கும் கூச்சம், நான் டிரையர் கதையைச் சொன்ன பிறகு மற்ற ஆக்களும் மெல்ல வாய் திறந்தவை. ஆனால் தொழில்காரரின்ர கணக்கு, செய்முறை, கடன் இதுகளை அவையைக் கேக்காமல் ஒரு குறூப்பிலயும் போடாதேங்கோ. முருங்கை அக்காவிட்டக் கேட்டுத்தான் நான் இதையும் எழுதுறன்.

வருசத்துக்கு ஒருக்கா மூண்டு நாள் ஒருத்தற்ற இடத்தில மற்றவர் போய் நிண்டு பாக்கிறதும் நல்லம், செலவு பஸ் காசும் சாப்பாடும்தான். மற்றது, ஒரே மாவட்டத்துக்க மூண்டு புறொஜெக்ற் ஒரே அக்காவைத் தங்கட தங்கட கணக்கில காட்டுற வேலை நடக்குது, அவ மூண்டு மீற்றிங்குக்கும் ஓடி ஓடித் தொழிலை விடுறா. மற்ற நிறுவன ஆக்களோட இருந்து, ஆர் ஆரோட நிக்கிறது எண்டு கதைச்சுப் பிரியுங்கோ. உங்களிட்ட வந்த ஆளுக்கு வேற இடம்தான் பொருத்தம் எண்டால் நீங்களே கூட்டிக்கொண்டு போய் விடுங்கோ.

வெளிநாட்டில இருக்கிற எங்கட ஆக்கள் மென்ரரா வாறம் எண்டு கேப்பினம், நல்ல மனசோட கேக்கிறவை. "வழிகாட்டுங்கோ" எண்டு பொதுவா விடாமல், லண்டனில கடை வைச்சிருக்கிறவரிட்ட இந்தப் பக்கற்றை உங்கட கடைத் தட்டில வைப்பியளோ, ஏன் வைக்க மாட்டியள் எண்டு கேளுங்கோ. ஊரில இருக்கிற இளைப்பாறின வங்கி மனேச்சரையும் சங்கக் கடை மனேச்சரையும் அதே அளவுக்கு மதிச்சுக் கூப்பிடுங்கோ.

றிப்போட்டும் பைலும்

காசு தாற ஆக்கள் எத்தினை பேருக்குப் பயிற்சி குடுத்தனீங்கள் எண்டுதான் கேப்பினம், அதைக் குடுங்கோ. உங்களுக்கெண்டு தனியா ஒரு கொப்பியில வேற எழுதுங்கோ: வெளிக்கிட்டு ஒரு வருசத்தால இன்னும் விக்கினமோ, வேற ஆக்களுக்குச் சம்பளம் குடுக்கினமோ, கடன் கூடினதோ குறைஞ்சதோ. மாதா மாதம் ஒரு கோல் எடுத்தால் இது தெரிஞ்சிடும்.

புறொஜெக்ற் காலம் முடியும், நீங்களும் ஒரு நாள் வேற வேலைக்குப் போவியள், அதால முதல் நாளில இருந்தே ஒரு பைல் போடுங்கோ. ஒவ்வொரு தொழில்காரருக்கும் ஒரு பக்கம், என்ன பிரச்சினை வந்தது, ஆர் சொல்லித் தீந்தது. பின்பக்கத்தில அந்தப் பத்துப் பேரின்ர நம்பரும், ஒவ்வொரு நம்பருக்குப் பக்கத்தில அந்த ஆளிட்ட என்ன கேக்கலாம் எண்டு ஒரு வரியும். பிறகு, அடுத்து வாற ஆளை வெளிக்கிட முந்தி ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய், ஒவ்வொரு வீட்டிலயும் "இனி இவர்தான் வருவார்" எண்டு சொல்லிப்போட்டு வாங்கோ.